கொட்டலாமா, ஆச்சி?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், மதுரையிலிருந்து வந்த பெண்மணி ஒருவர் காரைக்குடியில் இருக்கும் எங்கள் பலகாரக் கூடத்தின் ஓரமாக ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, காலை எட்டு மணியிலிருந்து பிற்பகல் ஒரு மணி வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அவ்வப்போது அதில் ஒரு கோடு கிழித்தார். புறப்படும்போது அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “இன்று உங்களிடம் வந்து பேசியவர்களின் வாக்கியங்களை எண்ணினேன். அவற்றில் 41 வாக்கியங்கள் ‘லாமா’ என்று முடிந்தன.” கொட்டலாமா, இறக்கலாமா, கட்டலாமா, அனுப்பலாமா, பில் போடலாமா, சாப்பிடப் போகலாமா. அவர் சொன்ன பிறகுதான் அந்தச் சொற்கள் என் காதில் விழத் தொடங்கின. 22 ஆண்டுகளாக நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தவை அவை. மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டிருந்தவை.

அந்தப் பெண்மணி என்னுடைய எக்ஸிகியூட்டிவ் கோச். பெரிய நிறுவனங்களின் தலைமை அதிகாரிகளுக்கு மட்டும் உரியது என்று நான் நினைத்திருந்த இந்த ஏற்பாட்டுக்குள் நான் எப்படி வந்தேன், அது என்னிடம் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்பதை எழுத வேண்டும் என்று பல மாதங்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதியில் சொந்தத் தொழில் நடத்துகிறவர்கள், அதிலும் குடும்பத் தொழில் நடத்துகிறவர்கள் பலர் இதே வழக்கத்தில் சிக்கியிருப்பதைப் பார்க்கிறேன். அவர்களில் யாரேனும் இதைப் படித்தால் பயன்படும் என்பதே நோக்கம்.

முதலில் என் தொழிலைப் பற்றிச் சில வரிகள். கணவர் மறைந்த பின், பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வீட்டின் இரண்டாம் கட்டில் இரண்டு அடுப்புகளை வைத்துத் தேன்குழலும் மாவுருண்டையும் செய்து விற்கத் தொடங்கினேன். இன்று கைமுறுக்கு, சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் என்று 17 வகை செய்கிறோம். 46 பேர் வேலை செய்கிறார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சரக்கு போகிறது. கூடத்தில் எல்லாரும் என்னை ஆச்சி என்றே கூப்பிடுகிறார்கள். தொழில் வளர்ந்ததற்கு என் கையும் நாக்கும்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அதை நம்பினேன். ஆனால் கடந்த நான்கைந்து ஆண்டுகளாக விற்பனை ஓரிடத்தில் நின்றுவிட்டது. புதிய ஆர்டர்கள் வந்தன. எங்களால் ஏற்க முடியவில்லை. நல்ல மேலாளர்கள் இரண்டு பேர் ஓராண்டுக்குள் விலகிப் போனார்கள். இருவரும் சம்பளத்தைக் காரணமாகச் சொன்னார்கள். சம்பளம் காரணம் அன்று என்பது எனக்கும் ஒருவாறு தெரிந்திருந்தது.

பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் மகள், தன் நிறுவனம் தனக்கு ஒரு கோச்சை ஏற்பாடு செய்து கொடுத்ததையும், அதனால் தான் கூட்டங்களில் பேசும் முறையே மாறியதையும் சொல்லி, “நீங்களும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் அம்மா” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பலகாரத் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் எனக்கு என்ன சொல்லித் தர முடியும் என்று கேட்டேன். கூகுள் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த எரிக் ஷ்மிட்டிடம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் கால்பந்து அணிக்குப் பயிற்சி அளித்தவரான பில் கேம்பெல்லைக் கோச்சாக வைத்துக்கொள்ளச் சொன்னபோது அவரும் ஏறக்குறைய இதையே கேட்டார் என்பதைப் பின்னால் அறிந்தேன். அவர் பின்னர் தமக்குக் கிடைத்த அறிவுரைகளில் அதுவே சிறந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

‘கோச்’ என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். ‘பயிற்சியாளர்’ என்றால் விளையாட்டு மைதானம் நினைவுக்கு வருகிறது. ‘ஆலோசகர்’ என்றால் பொருளே மாறிவிடுகிறது. ஹங்கேரியில் கோச் என்னும் ஊரில் செய்த குதிரை வண்டியின் பெயர்தான் ஐரோப்பா முழுவதும் பரவி, நம் ஊரிலும் ‘கோச்சு வண்டி’ என்று வழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மாணவர்கள், தங்களைத் தேர்வு என்னும் ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் தனி ஆசிரியரை அந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கினார்கள். ஆகவே அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். வண்டி எங்கே போக வேண்டும் என்பதை உள்ளே உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும் என்னும் அளவில் அது பொருத்தமான சொல்லாகவும் இருக்கிறது.

ஆலோசகர் நம் தொழிலை ஆராய்ந்து விடையைச் சொல்லுவார். தொழிலில் மூத்தவர் தம் அனுபவத்தைச் சொல்லுவார். மனநல மருத்துவர் நோயைக் கவனிப்பார். கோச் இவற்றில் எதையும் செய்வதில்லை. நாம் நாள்தோறும் எப்படி நடந்துகொள்கிறோம், அது பிறரிடம் என்ன விளைவை உண்டாக்குகிறது, அதில் எதை மாற்ற விரும்புகிறோம் என்பதை நம் வாயாலேயே சொல்ல வைத்து, சொன்னதை நாம் செய்கிறோமா என்று மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்ப்பதுதான் அவர் வேலை. என் கோச் பொறியியல் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் மனிதவளப் பொறுப்பில் இருந்தவர். அடுப்படி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் குறையாக நினைத்தது, பிறகு பெரிய வசதியாக அமைந்தது. பாகுப் பதத்தைப் பற்றி அவரிடம் நான் வாதாட முடியாது. என்னைப் பற்றித்தான் பேச முடியும்.

தொடக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். 12 மாதங்கள், மாதத்தில் ஒரு முறை நேரிலும் ஒரு முறை வீடியோ அழைப்பிலும், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். நான் சொல்வது எதுவும் என் மகளுக்கோ கணக்கருக்கோ போகாது. அதைப் போலவே, என்னைப் பற்றி என் ஆட்கள் அவரிடம் சொல்வதில் யார் எதைச் சொன்னார் என்பதும் எனக்கு வராது. இந்த இரண்டாவது நிபந்தனையை ஏற்கத்தான் எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அவர் ஒன்பது பேரிடம் தனித்தனியாகப் பேசினார்: அடுப்படி மாஸ்டர், மேலாளர், கணக்கர், பாக்கெட் போடும் பெண்களில் மூவர், லாரி ஏற்றுகிறவர், சென்னையில் சரக்கு எடுக்கும் கடைக்காரர், என் மகள். அவர்கள் சொன்னதை அப்படியே கொண்டுவந்து என் முன் கொட்டவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது என்றும் விளக்கினார். அவ்ராஹாம் க்ளூகர், ஆஞ்ஜெலோ டெனிஸி என்னும் இரண்டு ஆய்வாளர்கள் 1996இல், ஒருவருடைய செயலைப் பற்றி அவரிடம் கருத்துச் சொல்வதால் விளையும் பயனைக் குறித்து அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியில் பயன் இருந்தது; ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில், கருத்தைக் கேட்டவரின் வேலை முன்பைவிட மோசமானது. செய்கிற காரியத்தைப் பற்றிய பேச்சாக இல்லாமல், ‘நீ எப்படிப்பட்ட ஆள்’ என்னும் பேச்சாக அது மாறும்போது பலன் குறைந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. நம் வீடுகளிலும் கடைகளிலும் ஒருவரைத் திருத்துவதற்கு நாம் பேசும் பேச்சில் எவ்வளவு பங்கு இந்த இரண்டாவது வகை என்று எண்ணிப் பார்த்தேன். என் பேச்சில் அது மிகுதி.

ஒன்பது பேரும் சொன்னவற்றைச் செயல்களாக மட்டும் அவர் தொகுத்துக் கொடுத்தார். பிறர் செய்து முடித்ததை எடுத்து நான் மறுபடி செய்கிறேன். யாராவது ஒரு யோசனை சொன்னால், “அது சரி, ஆனால்” என்று தொடங்குகிறேன். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறேன். ஒரு முடிவைச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அதை மாற்றுகிறேன். பெயர் இல்லாமல் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும், அதைச் சொன்னவரின் அனுமதியோடு, சொன்னபடியே படித்தார்: “ஆச்சி வருவதற்கு முன்னால் எதையும் முடிக்கக் கூடாது. முடித்தால் இரண்டு முறை முடிக்க வேண்டியிருக்கும்.” அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. யார் சொல்லியிருப்பார் என்று தேடவில்லை. எத்தனை பேருக்கு இது தோன்றியிருக்கும், எத்தனை ஆண்டுகளாகத் தோன்றியிருக்கும் என்பதுதான் மனத்தை அரித்தது.

தலைமையில் இருப்பவரின் கெட்ட பழக்கம் என்பது பெரும்பாலும் சோம்பலோ ஆணவமோ அன்று; தொழிலை ஒரு காலத்தில் காப்பாற்றிய நல்ல பழக்கமே, தன் காலம் முடிந்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருப்பது. இரண்டு அடுப்புகள் இருந்தபோது ஒவ்வோர் ஈட்டையும், அதாவது ஒரு தடவைக்கு அடுப்பில் ஏற்றும் அளவையும், நானே தொட்டுப் பார்த்ததால்தான் பெயர் கிடைத்தது. 14 அடுப்புகள் எரியும்போதும் அதையே செய்தால், 13 அடுப்புகள் எனக்காகக் காத்திருக்கின்றன. அமெரிக்காவின் மார்ஷல் கோல்ட்ஸ்மித், பல ஆண்டுகளாகப் பெரிய நிறுவனத் தலைவர்களுக்குக் கோச்சாக இருந்தவர், தாம் கண்ட குறைகளில் முக்கியமான ஒன்றாக இதைச் சொல்கிறார்: பிறர் கொண்டுவரும் யோசனையில் தலைவர் தம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தே தீருவது. யோசனை கொஞ்சம் மேம்படலாம். ஆனால் அது கொண்டுவந்தவருடையதாக இராமல் போய்விடுகிறது, அதைச் செய்து முடிக்கும் ஆர்வமும் போய்விடுகிறது. என் அடுப்படி மாஸ்டர் 16 ஆண்டுகள் அனுபவம் உள்ளவர். அவர் கையிலிருந்து ஜல்லிக்கரண்டியை எத்தனை முறை வாங்கியிருப்பேன் என்று எண்ண முடியாது.

இதை ஏன் யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை என்று கோச்சிடம் கேட்டேன். “சொல்லியிருப்பார்கள், வேறு விதமாக” என்றார். விலகிப் போன இரண்டு மேலாளர்களும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். சம்பளம் கொடுக்கிறவரிடம், அதிலும் வயதில் மூத்த ஆச்சியிடம், இடித்துரைக்கும் இடம் நம் வழக்கத்தில் யாருக்கும் இல்லை. முதலாளி உயர உயர அவரைச் சுற்றிலும் இருப்பவர்களின் வாய் மூடிக்கொள்கிறது. அதுல் கவாண்டே என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர், தம் கை தேர்ந்த பிறகும், ஓய்வுபெற்ற தம் பழைய ஆசிரியரை அழைத்துத் தம் அறுவைக் கூடத்தில் நின்று பார்க்கச் சொன்னார். அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் விளக்கின் ஒளி அறுவை நடக்கும் இடத்தைவிட்டு விலகியிருந்ததையும், தம் முழங்கை உயர்ந்து நின்றதையும் ஆசிரியர் சொன்ன பிறகுதான் அவர் அறிந்தார். உடன் நின்ற உதவியாளர்களில் எவரும் அதைச் சொல்லவில்லை. 2011இல் அவர் இதை எழுதினார். எங்கள் கூடத்தின் முக்காலியை நினைக்கும்போதெல்லாம் அந்த விளக்கும் நினைவுக்கு வருகிறது.

அந்த நான்கு பழக்கங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் கோச். முதலாவதை எடுத்தேன். “பிறர் செய்ததைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டார். “கெட்டுப்போகும்” என்றேன். “கெட்டுப்போனால்?” என்று கேட்டார். இப்படியே ஐந்தாறு முறை கேட்டபோது, 2006ஆம் ஆண்டின் தை மாதம் வந்து நின்றது.

அந்த ஆண்டு, முதல் முறையாகக் கடல் கடந்து பெரிய அளவில் மனகோலம் அனுப்பினோம். மனகோலத்துக்குப் பாசிப்பருப்பு மாவை முறுக்குப் போலப் பிழிந்து பொரித்து ஒடித்து, தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் சேர்த்து, வெல்லப் பாகைக் கொட்டிக் கிளற வேண்டும். பாகு நன்றாக முற்றியிருக்க வேண்டும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டி எடுத்துத் தட்டில் போட்டால் கல் விழுந்ததைப் போல ஓசை வர வேண்டும். அன்று நான் ஒரு திருமணத்துக்காகத் தேவகோட்டை போயிருந்தேன். பாகு முற்றுவதற்குள் இறக்கிவிட்டார்கள். அங்கே பெட்டியைத் திறந்தபோது எல்லாம் பிசுபிசுத்து ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. முழுச் சரக்கையும் திருப்பிவிட்டார்கள். கடனை அடைக்க என் சீதன வெள்ளிச் சாமான்களில் ஒரு பகுதியை விற்றேன். அதற்குப் பிறகு நான் கூடத்தைவிட்டு அகலவில்லை.

இதை அவரிடம் சொல்லி முடித்தபோது அழுதுவிட்டேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை; சிறிது நேரம் பொறுத்து, “அந்தப் பாகு கெட்டதற்கு நீங்கள் இல்லாதது காரணமா, பதத்தை அறிய வழி இல்லாதது காரணமா?” என்று கேட்டார். ஹார்வர்டில் கற்பித்த ராபர்ட் கீகனும் லிசா லாஹியும், மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறவர்களும் மாறாமல் இருப்பதற்கு, அவர்களுக்கே தெரியாமல் உள்ளே வேறொரு உறுதிமொழி இருந்து எதிர்த்திசையில் இழுப்பதே காரணம் என்று விளக்குகிறார்கள். பொறுப்பைப் பிறரிடம் கொடுக்க வேண்டும் என்று நான் ஆண்டுதோறும் பொங்கலன்று தீர்மானிப்பதுண்டு. இனி ஒருபோதும் ஒரு பெட்டியும் திரும்பி வரக் கூடாது என்று 2006இல் செய்துகொண்ட தீர்மானம் அதைவிட வலுவாக இருந்தது. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தது அன்றுதான்.

அந்த வாரம் என் ஐயாவை அடிக்கடி நினைத்தேன். என் தந்தையைப் பெற்றவரான அவர், பர்மாவில் மோல்மீனில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் என்னும் கடைநிலை வேலையில் சேர்ந்து, அடுத்தாள் என்னும் உதவிப் பொறுப்புக்கு உயர்ந்து, பிறகு கடையை நடத்தும் மேலாளாக இருந்தவர். அந்தக் காலத்தில் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்தும் ஏஜண்டு மூன்று ஆண்டுக் கணக்குக்குக் கடல் கடந்து போவார். யாருக்குக் கடன் கொடுப்பது, என்ன வட்டி, எந்த நிலத்தை ஈடாக ஏற்பது என்பதையெல்லாம் அவரே அங்கே முடிவு செய்தார். முதலாளியின் கடிதம் கப்பலில் வந்து சேருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். முதலாளி கேட்டது கணக்கை. பேரேடும் ஐந்தொகையும் ஒழுங்காக வந்துகொண்டிருக்க வேண்டும். தவணை முடிந்ததும் புதிய ஏஜண்டு போய்க் கணக்கைப் பொறுப்பேற்பார். ஊர் திரும்பியவருக்கு லாபத்தில் ஒரு பங்கு கிடைக்கும். எங்கள் செட்டிநாட்டைச் சேர்ந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்னும் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தார்கள். ஒரு மனிதர் மூன்று ஊர்களில் ஒரே நாளில் உட்கார முடியாது.

அந்த முறையை நான் உயர்த்திப் பேசவில்லை. 1930களின் பொருளாதார மந்தமும் 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததும் அந்தக் கடைகளுக்கு என்ன செய்தன என்பது எங்கள் வீடுகளில் பூட்டிக் கிடக்கும் அறைகளுக்குத் தெரியும். அந்த மண்ணின் உழவர்களுக்கு அந்த வட்டி என்னவாக இருந்தது என்பதும் தனியே பேச வேண்டிய செய்தி. என்றாலும், பொறுப்பை ஒப்படைப்பது எனக்கு அயலூர்ப் பாடம் அன்று; மூன்று தலைமுறைக்கு முன் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த வேலை. கடிதம் போய்ச் சேர நாளாகும் என்பதால் அவர்களுக்கு அது கட்டாயமாக இருந்தது. எனக்குக் கூடம் பத்தடி தூரத்தில் இருக்கிறது, கைப்பேசி இடுப்பில் இருக்கிறது. இன்றைய முதலாளிகளின் சிக்கலில் பாதி இந்த நெருக்கம்தான் என்று எண்ணுகிறேன்.

இனி, பழக்கத்தை எப்படி விட்டேன் என்பது. தீர்மானம் செய்வதில் கோச்சுக்கு நம்பிக்கை இல்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதைப் பார்த்தவுடன், அதற்குப் பதிலாக எதைச் செய்வேன் என்று ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னார். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நெடுங்காலம் ஆராய்ந்த முறை இது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்’ என்று எழுதிக்கொண்டவர்கள், வெறுமனே குறிக்கோள் வைத்துக்கொண்டவர்களைக் காட்டிலும் கூடுதலாக அதை நிறைவேற்றினார்கள் என்று காட்டினார்கள். நான் எழுதிய வாக்கியம்: “யாராவது கரண்டியோடு வந்து ‘லாமா’ என்று கேட்டால், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்பேன்.” கைகளைப் பற்றிய பகுதியை நானே சேர்த்தேன். என் வாயைவிடக் கைதான் முந்திக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும்.

முதல் மூன்று நாட்கள் கூடத்தில் குழப்பம். கேட்டவர்கள் திகைத்து நின்றார்கள். சிலர் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்தார்கள். அதனால் நான் என்ன செய்ய முயல்கிறேன் என்பதை எல்லாரையும் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார வைத்துச் சொன்னேன். இதுவும் கோல்ட்ஸ்மித்தின் முறையில் ஒரு படி: எந்தப் பழக்கத்தை விடப் பார்க்கிறோம் என்பதைச் சுற்றியிருப்பவர்களிடம் சொல்லி, இதுவரை நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து, இனிமேல் எப்படி நடந்துகொள்ளலாம் என்று ஆளுக்கு இரண்டு யோசனை கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதற்குப் பதில் சொல்லக் கூடாது. நன்றி மட்டும் சொல்ல வேண்டும். வருத்தம் சொன்னது கடினமாக இல்லை. பதில் சொல்லாமல் இருந்ததுதான் என் வாழ்வில் நான் செய்த கடினமான காரியங்களில் ஒன்று.

மாஸ்டர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, பாகுச் சோதனைக்கு எல்லா அடுப்புகளிலும் ஒரே அளவுக் கிண்ணம் வைக்கலாம், ஒரே அளவு தண்ணீர் ஊற்றலாம், ஒவ்வோர் ஈட்டிலும் சோதித்த உருண்டையைத் தேதியும் அடுப்பு எண்ணும் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைக்கலாம் என்றார். எந்தப் பெட்டியைப் பற்றியாவது புகார் வந்தால், அந்த ஈட்டின் உருண்டையை எடுத்துப் பார்த்துவிடலாம். என் வாயில் “அது சரி, ஆனால்” வந்து நின்றது. விழுங்கிவிட்டு நன்றி சொன்னேன். 2006இல் நான் தேடியிருக்க வேண்டிய வழி இதுதான். அவருக்கு இது எப்போது தோன்றியது என்று பிறகு கேட்டேன். ஆறேழு ஆண்டுகளாகவே மனத்தில் இருந்தது என்றார்.

ஐப்பசியில், தீபாவளி ஆர்டர் நெருக்கத்தில், எல்லாம் சரிந்தது. ஒரே மாலையில் மூன்று பேரிடமிருந்து கரண்டியைப் பிடுங்கினேன். பாக்கெட் போட்டு முடித்த 200 பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னேன். இரண்டு மாத உழைப்பு வீணாகிவிட்டது என்று கோச்சிடம் சொன்னபோது, அவர் நாள், நேரம், அதற்கு முன் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பட்டியலைப் பார்த்தால், தவறியவை அனைத்தும் மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், லாரி புறப்படும் நேரத்தில், நான் மதியம் சாப்பிடாத நாட்களில் நடந்திருந்தன. குணக்கேடு என்று நான் அழுத இடத்தில், பசியும் லாரியும் இருந்தன. லாரி நேரத்தை முடிவு செய்யும் பொறுப்பை மேலாளரிடம் முழுமையாகக் கொடுத்தேன். அந்த இரண்டு மணி நேரம் நான் கூடத்துக்குள் போகாமல் முகப்பில் கடிதங்களைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்றையும் அப்போது கோச் சொன்னார். ஒரு புதிய செயல் தானாக வரும் பழக்கமாவதற்கு நடுவாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கெடுதல் ஒன்றும் நேரவில்லை. 21 நாட்களில் எதையும் மாற்றிவிடலாம் என்று மேடைகளில் சொல்வதைக் கேட்டுவிட்டு 22ஆம் நாள் மனம் உடைந்து போகிறவர்களுக்கு இந்த எண்கள் ஆறுதலாக இருக்கும். எனக்கு ஏழு மாதங்கள் ஆயின.

கோச்சிங் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் உதவும் என்று நான் சொல்லமாட்டேன். உறவினர் ஒருவர், தொழிலுக்கு வந்துள்ள தம் மகனைத் திருத்தித் தரும்படி ஒரு கோச்சை ஏற்பாடு செய்தார். மகன் ஒவ்வொரு முறையும் மரியாதையாக உட்கார்ந்து எழுந்து போனான், ஒன்றும் நடக்கவில்லை. மாற விரும்பாதவரை மாற்ற யாராலும் ஆகாது. தகப்பனார் தாமே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இருவருக்கும் பயன் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். முதல் போதாமல் தவிக்கும் தொழிலுக்கும், பங்காளிகளின் பாகப்பிரிவினை வழக்குக்கும் கோச் மருந்தல்லர். உறக்கம் கெட்டு, வாழ்வில் பிடிப்பே போய்விட்டது என்று இருப்பவர் மருத்துவரிடம்தான் போக வேண்டும்; நல்ல கோச் அதைத் தாமே சொல்லிவிடுவார்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கோச் என்று பெயர்ப் பலகை வைக்க நம் நாட்டில் உரிமம் எதுவும் தேவையில்லை. 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு மூன்று நிலைகளில் சான்று கொடுக்கிறது. பயிற்சியோடு முதல் நிலைக்கு 100 மணி நேரமும், அடுத்ததற்கு 500 மணி நேரமும், மேல் நிலைக்கு 2,500 மணி நேரமும் கோச்சிங் செய்த அனுபவம் வேண்டும். சான்று இருந்தால் மட்டும் போதும் என்பதில்லை. ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. இரண்டாவதாக, எப்போது முடியும் என்று கேளுங்கள். முடியும் நாளைச் சொல்லாதவரிடம் போகாதீர்கள். முதல் சந்திப்பிலேயே நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அடுக்கடுக்காகச் சொல்லத் தொடங்குகிறவர், உங்கள் கையிலிருந்து கரண்டியை வாங்குகிற இன்னொருவர்தான்.

கட்டணம் எங்கள் அளவுக்குச் சிறியது அன்று. அந்தப் பணத்தில் ஒரு புதிய பாக்கெட் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டியிருக்கலாம். ஆனால் இயந்திரம் வந்திருந்தாலும் அதை ஓட்டலாமா என்று என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

மற்ற மூன்று பழக்கங்களில், இரவுச் செய்தி ஏறக்குறைய நின்றுவிட்டது. தோன்றுவதை நோட்டில் எழுதிவைத்துக் காலையில் பார்க்கிறேன், பாதிக்கு மேல் அனுப்பத் தேவையே இருப்பதில்லை. “அது சரி, ஆனால்” இன்னும் இருக்கிறது. முடிவை மாற்றுவதும் இருக்கிறது, முன்பைவிடக் குறைவாக.

ஒப்பந்தம் முடிந்து சில வாரங்கள் ஆன பிறகு, சென்ற வெள்ளிக்கிழமை நண்பகலில் கணக்கரோடு வளவில் உட்கார்ந்திருந்தேன். மனகோலத்துக்குப் பாகு கொதிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. அடுப்படி மாஸ்டர் கதவருகில் வந்து நின்றார். கைகள் தாமாகவே பின்னால் போயின. கேட்க வேண்டிய கேள்வியையும் மனத்தில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

“நாலாவது அடுப்புக் கொட்டியாச்சு ஆச்சி. உருண்டையை டப்பாவில் போட்டுவிட்டேன்” என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் திரும்பிப் போனார்.

நான் சாப்பிட எழுந்தேன்.